வளைவே இல்லாத எழுத்து

தையலகம் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஆளாகப் படியேறி வந்த அம்மாள், கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே நாலு கத்திகள் இருந்தன.

“ரெண்டு பெரிசு, ரெண்டு சின்னது. இந்தப் பெரிசு தக்காளியை நசுக்குதே தவிர அறுக்க மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள வேணும்.”

கழுத்தில் இஞ்ச் டேப்போடு நின்ற தையல்காரி கத்தியைப் பார்த்தாள், அம்மாளைப் பார்த்தாள். பதினோரு வருஷம் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் மட்டுமே தைத்தவள் அவள். சட்டையின் கையும் உடம்பும் வேறு வேறு மெஷின்களுக்குப் போய்விடும். அவள் முன்னால் காலராக வந்து காலராகவே போகும். ஒரே ஒரு முழுச் சட்டையைத் தைத்து, அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவர் கையிலேயே கொடுக்கவேண்டும் என்பது அவள் வெகுநாள் ஆசை. அந்த ஆசைக்குத்தான் இந்தக் கடை.

“நீங்கதானே செய்வீங்க?” என்று கேட்டார் அம்மாள்.

“நான்தாங்க,” என்றாள் அவள், தையலை நினைத்துக்கொண்டு.

“சரி. பொம்பளைக் கை, பொறுமையா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். தெருக்கோடியிலிருக்கும் ஆஸ்பத்திரி கான்டீனில் சமைப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

திறந்த அன்று, முதன்முதலாக வந்தவரை வேண்டாம் என்று எப்படித் திருப்பி அனுப்புவது? யாரையும் எதற்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் வேறு. நாலு கத்தியையும் வரிசையாக வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, எதிர்ச்சாரியில் நின்ற புருஷனைக் கையாட்டிக் கூப்பிட்டாள்.

அவன் அங்கே போர்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அவன் தொழில் எழுத்து. கதை கட்டுரை எழுதுகிறவன் இல்லை. எழுத்துக்கு உருவம் கொடுக்கிறவன். மாத்திரைப் பெட்டிக்குள் நாலாக, எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு மெல்லிய தாள், அதை அமைப்பது அவன் ஆபீஸ் வேலை. எறும்பு வரிசை போன்ற எழுத்து. எவ்வளவு சிறிதாக்கினால் கண்ணுக்குத் தெரியும், அதற்கும் ஒரு மயிரிழை சிறிதாக்கினால் தாளில் அடங்கும் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருப்பான். பதினைந்து வருஷத்தில் அதை ஒருவர் பிரித்துப் படித்து அவன் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு, ஒரு மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் முகத்தில் அறைகிற எழுத்து ஒன்று செய்யவேண்டும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. நாலு வருஷம் செய்தான். தமிழ் எழுத்தில் எங்கே கை வைத்தாலும் ஒரு வளைவு, ஒரு சுழி. அவன் எழுத்தில் வளைவு என்பதே கிடையாது. தடித்த பட்டைகள், வெட்டிய மூலைகள், சுழி இருந்த இடத்தில் சதுரம். ‘ஞ’ ஒன்றுக்கே ஏழு மாதம் ஆனது. எல்லாம் முடிந்ததும் ‘உளி’ என்று பெயர் வைத்தான். எழுத்துகளை விற்கிற ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினான். அவர்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதி, ஒன்றே ஒன்று கேட்டார்கள்: தெருவில் நிஜமான ஒரு கடையில், நிஜமான மனிதர்களோடு, இந்த எழுத்து வேலை செய்கிற மாதிரி ஒரு படம்.

அதே சமயத்தில் பெண்டாட்டிக்குக் கடை அமைந்தது. அவனுக்கு வேறென்ன வேண்டும். ஆறடித் தகட்டில் ‘தையலகம்’ என்று ஐந்து எழுத்தை வெட்டி ஒட்டி, தானே சுமந்துவந்து மாட்டினான். ‘தை’யின் கொக்கி மாடிப்படி மாதிரி மூன்று மடிப்பாக இறங்கும். ‘ல’ மடக்கிய இரும்புப் பட்டை. ‘க’வின் வயிறு ஒரு பெட்டி, அதில் நடுவே மெல்லிய ஒரு பிளவு. ஐந்து எழுத்துக்கும் சேர்த்து அறுபத்தெட்டு மூலைகள்.

“அத்தான், காக்கா ஒண்ணு அது மேல உட்கார வந்துச்சு. பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு,” என்றாள் கொழுந்தி. அவள் பஸ் கண்டக்டர். அவள் சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட்டில் இருப்பவர் டிக்கெட்டைத் தேடுவார்.

இப்போது கத்திக்கு வருவோம். தெருவைத் தாண்டி வந்து மேஜைமேல் இருந்த நாலையும் பார்த்த எழுத்துக்காரன், நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, பக்கத்து மருந்துக் கடைக்காரர் படியில் வந்து நின்றார்.

“காலையில ஷட்டர் தூக்கும்போதே பார்த்தேன் சார். கொஞ்சம் கூர்மையாத்தான் இருக்கு, எழுத்து,” என்றார் மெதுவாக. “கத்திக் கடைன்னு நினைச்சிருப்பாங்க. பாவம், அவங்க மேல தப்பில்ல.”

எழுத்துக்காரனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பார்த்த உடனே ஒன்று தோன்ற வைக்கிற எழுத்துதானே நல்ல எழுத்து. தோன்றியது தப்பாகத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். அவனிடம் தாள் வெட்டும் கத்திகளைத் தீட்ட நல்ல கல் ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்துவந்து, வாசற்படியில் உட்கார்ந்து நாலு கத்தியையும் தீட்டினான். அந்தப் படிக்கல்லின் ஓரத்தில் வழவழவென்று ஒரு பள்ளம் இருந்தது. கல்லை வைத்ததும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. முந்தின நாள் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துத் தையல்காரி சந்தோஷப்பட்டிருந்தாள், எத்தனை பேர் ஏறி இறங்கின படியோ, ராசியான இடம் என்று.

கத்திகளைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை. யாராவது கையை அறுத்துக்கொள்வார்கள். தடித்த கான்வாஸ் துணியில் நாலு உறை தைத்து, ஓரத்தை இரட்டைத் தையல் போட்டு, கத்தியைச் செருகிக் கொடுத்தாள். கான்டீன் அம்மாள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் இறைச்சிக் கடைக்காரர் வந்தார். கத்தியைப் பார்த்ததும் தையல்காரி இரண்டடி பின்னால் போனாள். அதற்கு மறுநாள் தோட்டக்காரர் செடி வெட்டும் கத்தரியோடு வந்தார். வாரக் கடைசியில் எண்ணினால் பதினேழு கத்தி, ஒரு அரிவாள். தைக்க வந்தது கத்தி உறை மட்டும்.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. ஆனால் அவளுக்கு முப்பது நாள்தான் கெடு, அதையும் சொல்லிவிடவேண்டும். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரம்மா வேறு ஊரில் இருக்கிறார். அண்ணன் காலமானபின் அது அவர் கைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு முறை வந்து, சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லி, சாவியை மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனவர். போனில் பேசும்போது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: ஒரு மாசம் நடத்திப் பாருங்கள், முப்பதாவது நாள் நானே வந்து பார்ப்பேன், பெண்கள் குழந்தைகள் வந்துபோகிற தையல் கடையாக இருந்தால் இடம் உங்களுக்கு, இல்லாவிட்டால் மருந்துக் கடைக்காரர் கிடங்குக்குக் கேட்கிறார், அவருக்குத்தான். கம்பெனி சூப்பர்வைசரும் முப்பது நாள் அவள் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். காலர்கள் காத்துக்கொண்டிருந்தன.

சாவி வாங்குகிற அன்று, முன்னால் இங்கே என்ன இருந்தது என்று அவள் கேட்டாள். பூட்டித்தான் கிடந்தது என்றார் மருந்துக் கடைக்காரர். அன்றைக்கு அது பூட்டித்தான் கிடந்தது.

இரண்டாவது வாரம் கொழுந்தி ஒரு யோசனை சொன்னாள். எழுத்தைப் படிக்கிறதுக்கு முன்னாலே படத்தைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். பஸ்ஸில் அப்படித்தான், போர்டைப் பார்க்காமல் கலரைப் பார்த்து ஏறிவிட்டு என்னிடம் சண்டை போடுவார்கள். அதனால் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் படம் போடுங்கள் அத்தான், என்றாள். எழுத்துக்காரன் உளி எழுத்துக்குப் பொருத்தமாக, கைப்பிடிகூடச் சதுரமாக, ஒரு கத்தரிக்கோல் வெட்டி ஒட்டினான்.

மறுநாள் காலை சலூன்காரர் ஐந்து கத்தரிக்கோல்களைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

“எப்பவும் போல முனை மட்டும் நல்லா வந்துட்டா போதும்மா,” என்றார்.

எழுத்துக்காரனால் பொறுக்க முடியவில்லை. எதைப் பார்த்து இங்கே வந்தீர்கள் என்று கேட்டான்.

“எதைப் பார்க்கணும்? கத்தரி மழுங்கிடுச்சு, வந்தேன்.”

“கத்தரிப் படத்தைப் பார்த்துட்டு வந்திருக்காரு,” என்று அன்று சாயங்காலம் மருந்துக் கடைக்காரர் விளக்கினார். “நீங்க கத்தரி போட்டீங்க, கத்தரி வந்துச்சு. ஊசியும் நூலும் போட்டிருந்தா தையல்னு புரிஞ்சிருக்கும்.”

ஊசியும் நூலும் போட்டான். ஊசியில் சிக்கல் இல்லை. நூல்தான் வளைந்து போகும் சாதி. உளியில் வளைவு கிடையாதே. அதனால் நூல் மின்னல் மாதிரி வெட்டி வெட்டிப் போனது. மாட்டிய இரண்டாம் நாள் ஒரு அம்மாள் மூன்று குடைகளோடு வந்தார். ஒன்றில் கம்பி உடைந்திருந்தது, ஒன்றில் துணி கிழிந்திருந்தது, மூன்றாவது குடை திறந்தால் மூடவில்லை. அதைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, வெயிலும் இல்லாத மழையும் இல்லாத தெருவில் நடந்து வந்திருந்தார்.

மருந்துக் கடைக்காரர் தலையைச் சாய்த்துப் போர்டைப் பார்த்தார். “தூரத்துலேர்ந்து பார்த்தா உடைஞ்ச குடைக்கம்பி மாதிரிதான் சார் தெரியுது.”

எழுத்துக்காரனும் எதிர்ச்சாரிக்குப் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கும் குடைக்கம்பியாகவே தெரிந்தது. ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் கண் அப்படித்தான்.

கம்பியை அவன் சரிசெய்தான். துணியை அவள் தைத்தாள். கிழிசல் இருந்த இடமே தெரியாமல் உள்பக்கமாகப் பட்டி கொடுத்து அவள் தைத்ததைக் குடைக்கார அம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உங்களுக்குத் துணிமணியும் தைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியுமென்று அவள் சொன்னாள். நல்லது என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

மூன்றாவது வாரம் முடியும்போது கடைக்குள் நுழைகிறவர்கள் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது. கத்திகள் ஒரு பக்கம், குடைகள் ஒரு பக்கம். சின்னக் குழந்தையோடு வந்த ஒரு தாய், வாசலில் அரிவாளும் கையுமாக நின்ற இறைச்சிக் கடைக்காரரைப் பார்த்து, குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். எழுத்துக்காரன் தினமும் காலையிலும் மாலையிலும் படம் எடுத்தான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் போர்டுக்குக் கீழே யாராவது ஆயுதத்தோடு நின்றார்கள். அந்த நிறுவனத்துக்கு எதை அனுப்புவது?

அக்காள் தங்கை இருவரும் இதைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டார்கள். தங்கை வழக்கம்போல மறைக்காமல் சொன்னாள்.

“எழுத்துதான் அக்கா காரணம். அத்தானோட எழுத்து ‘உள்ளே வா, உனக்கு இருக்கு’ன்னு கூப்பிடற மாதிரி இருக்கு. நீ சொல்ல மாட்டே. நான் சொல்லவா?”

“நாலு வருஷம் உட்கார்ந்து செஞ்சாருடி.”

“அதுக்கு?”

“சும்மா இரு,” என்றாள் அக்காள். அதோடு பேச்சு முடிந்தது.

சுவர் மெல்லியது. பின்னறையில் குடையை மடக்கிக்கொண்டிருந்த எழுத்துக்காரன் காதில் அத்தனையும் விழுந்தது. அவன் வெளியே வந்தபோது எதுவும் கேட்காதவன் போல, போர்டுக்கு நிறம் மாற்றலாமா என்று பெண்டாட்டியிடம் கேட்டான். கறுப்பாக இருப்பதால்தான் மிரட்டுகிறதோ என்னவோ. ரோஜா நிறம் அடித்தால் சாந்தமாக இருக்கும் என்றான். அவளும் உடனே ஆமாம் ஆமாம், நிறம்தான் என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒத்துக்கொண்டார்கள்.

ரோஜா நிறம் அடித்தான். எழுத்து சாந்தமாகவில்லை, கோபக்காரர் ஒருவர் புதுச்சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. தவிர, வெளிர் நிறம் வந்ததும் ‘க’வின் வயிற்றிலிருந்த அந்தப் பிளவு மட்டும் கறுப்பாகத் துலங்க ஆரம்பித்தது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை ஒரு பெரியவர் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்தார். சாவி தொலைந்துவிட்டதாம்.

மருந்துக் கடைக்காரர் படியில் வந்து நின்றார். ‘க’வைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். அதுவே போதுமாக இருந்தது. எழுத்துக்காரன் ‘க’வின் வயிற்றைப் பார்த்தான். சாவித்துவாரம். சந்தேகமே இல்லை. நாலு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தும் தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பூட்டோடு அவன் மூன்று நாள் மல்லுக்கட்டினான். நாலாவது நாள், ஆபீஸில் மாத்திரைத் தாளுக்கு நடுவே வைத்துக் குண்டூசியால் நெம்பிக்கொண்டிருந்தபோது அது திறந்துகொண்டது. பக்கத்து மேஜைக்காரர் கைதட்டினார். பதினைந்து வருஷத்தில் அந்த ஆபீஸில் அவனுக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வந்தது. மறுநாள் பதினொரு மணிக்குச் சொந்தக்காரம்மா வருகிறார். அன்று வரை வந்த தையல் வேலை: கத்தி உறை முப்பத்தொன்று, குடைத் துணி ஆறு, கத்தரிக்கோலுக்கு அறை அறையாக வைத்துத் தைத்த, சுருட்டி வைக்கிற பை ஒன்று. முழுச் சட்டை ஒன்றுகூட இல்லை. தையல்காரி கம்பெனிக்குப் போடும் பழைய செருப்பைத் துடைத்து எடுத்துவைத்தாள். அதை அவன் பார்த்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். ஸ்டூல்மேல் ஏறி நின்றிருந்தான். கையில் அரம். ‘ல’வின் மூலையில் அரத்தை வைத்திருந்தான், ஒரே ஒரு இழுப்பு இழுத்திருந்தான். அதற்குமேல் கை ஓடவில்லை.

“என்னங்க பண்றீங்க?”

“மூலையைக் கொஞ்சம் மழுக்கிட்டா சரியாயிடும்னு பார்த்தேன்.”

“இறங்குங்க.”

“அவ்வளவு பேரும் தப்பா புரிஞ்சுக்கறாங்கன்னா தப்பு எழுத்து மேலதாம்மா. நீ சொல்ல மாட்டே. எனக்குத் தெரியும்.”

அவள் அரத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதில் ஒட்டியிருந்த ரோஜா நிறத் தூளைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: “எழுத்து நல்லாத்தாங்க இருக்கு. மூலையை மழுக்கினா அது உங்க எழுத்து இல்ல. அதுக்குப் போர்டே இல்லாம இருந்துடலாம்.”

“அப்போ கழட்டிடறேன்,” என்றான் அவன்.

அவள் தடுப்பதற்குள் திருப்புளியை எடுத்துவிட்டான். நாலு திருகாணி. கழற்ற நாலு நிமிஷம் ஆகவில்லை. ரோஜா நிறப் போர்டைத் திருப்பிச் சுவரோரமாகப் பின்னறையில் சாய்த்துவைத்தான். நிறுவனத்துக்கு, இப்போதைக்குப் படம் இல்லை, மன்னிக்கவும் என்று ஒரு வரி எழுதி அனுப்பினான். வெளிச்சுவரில் நாலு ஓட்டை மட்டும் மிச்சம். சாதாரணமான, உருண்டையான எழுத்தில் வேறு போர்டு ஒன்றை வார முடிவில் எழுதிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவன் ராத்திரி சாப்பாட்டில் இரண்டாம் முறை எதுவும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மருந்துக் கடைக்காரர் சொந்தமாக ஒரு டேப் கொண்டுவந்து, சும்மா ஒரு அளவுக்கு என்று சொல்லிக்கொண்டே, உள்சுவரில் தன் அலமாரிகளுக்கு அளவெடுக்க ஆரம்பித்தார். தையல்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். வேண்டாமென்று சொல்லத் தெரியாது என்று முன்னமே சொன்னேன்.

அப்போது கான்டீன் அம்மாள் படியேறி வந்தார். ஒரு கையில் கத்தி உறைகள், கக்கத்தில் ஒரு துணிக்கட்டு.

“கத்தி கிடக்கட்டும், அது மெதுவா ஆகட்டும். முதல்ல இதைப் பாரும்மா. கான்டீன்ல பதினாலு பேரு. எல்லாருக்கும் சமையல் அங்கி தைக்கணும். கத்திக்கே இவ்வளவு நேர்த்தியா சட்டை தைக்கிறவ மனுஷங்களுக்குத் தைக்க மாட்டியா?”

தையல்காரி துணியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் குறிப்புப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சலூன்காரர் வந்தார்; அந்தக் கத்தரிப் பையைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் தனக்கும் மகனுக்கும் சட்டை தைக்கக் கேட்டாராம், ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அடுத்து குடைக்கார அம்மாள், இரண்டு பெண்களோடும் பள்ளிச் சீருடைத் துணியோடும். பத்தரை மணிக்கு அளவெடுக்க வரிசை நின்றது. இடிபடாமல் இருக்க மருந்துக் கடைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்; கையிலிருந்த டேப்பை இரண்டு பேர் அவசரத்துக்கு வாங்கி உபயோகித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பதினொரு மணிக்குச் சொந்தக்காரம்மா வந்தபோது அவரையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டாள் கொழுந்தி. யாரென்று அவளுக்குத் தெரியாது. அவரும் நின்றார். தன் முறை வந்ததும், தோள் எப்போதுமே சரியாக அமையாத தன் சட்டையைப் பற்றி ரகசியமாகச் சொன்னார். தையல்காரி இரண்டு ஊசி குத்திக் காட்டினாள். கண்ணாடியில் பார்த்தவர், யாரிடமும் எதுவும் விசாரிக்காமல், இடம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ஒரு முழுச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வாசலில் படிக்கல்லின் பள்ளத்தில் சாணைக்கல்லை வைத்து, கான்டீன் கத்திகளைத் தீட்டிக்கொண்டே எழுத்துக்காரன் இதையெல்லாம் பார்த்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண்டாட்டியின் முகத்தை அப்படி அவன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மனசின் ஒரு மூலையில் ஒரு கணக்குத் தன்னால் ஓடியது: போர்டு இருந்த இருபத்தொன்பது நாளும் கத்தி, கழற்றிய மறுநாளே தையல். இதற்குமேல் சாட்சி எதற்கு.

அவன் எழுந்து, கத்திகளைத் துடைத்துக் கான்டீன் அம்மாளிடம் கொடுத்தான். ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டால் மனசு அடங்கும் என்று நினைத்தான்.

“அம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தப் போர்டை எடுத்த பிறகுதானே இது தையல் கடைன்னே உங்களுக்கெல்லாம் தெரிஞ்சுது?”

மெஷின் சத்தம் நின்றது. தையல்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரோரம் நின்ற மருந்துக் கடைக்காரருக்குத் தன் கடையில் அவசரமாக ஏதோ வேலை ஞாபகம் வந்தது. டேப்பைக்கூடச் சுருட்டாமல், அது தரையில் இழுபட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

கான்டீன் அம்மாள் ஒரு கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் கூர் பார்த்து, உறையில் செருகி, நிமிர்ந்து, வெறும் சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பன்னெண்டு வருஷமா, இங்கே சாணைக்காரர் கடை வச்சிருந்த காலத்துலேர்ந்து, கத்தி, கத்தரி, குடை, பூட்டுன்னு எல்லாத்துக்கும் இந்தத் தெருவே இந்தப் படிதான் ஏறுது, இந்தக் கடைக்கு எப்போ தம்பி போர்டு இருந்துச்சு?”